குதிக்காலில் தொடங்கும் முதுகு நோய்

தை, மாசி மாதங்களில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டும். ஓடிவிட்டு வரும் பிள்ளை குதிக்கால் நோகுது என்றால், நோவெண்ணெய் பூசி, "வளருற பிள்ளையளுக்கு உப்பிடித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அநேகமாக அது சரியாகவே இருக்கும். போட்டி முடிந்து பல வாரங்களாகியும் நோ போகாமல், காலையில் நொண்டியபடி எழும்பி, வகுப்புக்குப் போய் நடமாடியபின் தேறிவிடும் பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும்.

முள்ளந்தண்டை இறுக்கும் அழற்சி வாதம், அதாவது அங்கைலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ், பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்குகிறது. தசைநாண்களும் இணையங்களும் எலும்பில் பற்றும் இடங்களில் அழற்சி மூளும். சிலருக்கு ஆண்டுகள் செல்ல அங்கே புது எலும்பு வளர்ந்து, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வளர்ந்தவருக்கு இது வழமையாக நாரியில் தொடங்கும். விடியப்புறம் நோ எழுப்பிவிடும். எழுந்ததும் அரை மணிநேரத்துக்கு மேலாக விறைப்பு இருக்கும். நடந்தால் குறையும், படுத்தால் கூடும். பாரம் தூக்கி வந்த நாரிப்பிடிப்பு இதற்கு நேர்மாறு. அதனால், "பேசாமல் படுத்திரு" என்ற நல்லெண்ண அறிவுரை இந்த நோயாளிக்குக் கெடுதலே செய்கிறது.

பதினாறு வயதுக்கு முன் தொடங்கினால் நோய் பெரும்பாலும் கால்களில்தான் முகம் காட்டும். குதிக்கால், முழங்காற் சில்லுக்குக் கீழ்ப்பகுதி ஆகியவை நோகும். முழங்காலோ கணுக்காலோ வீங்கும். முதுகு பல ஆண்டுகள் மௌனமாக இருக்கும். ஆகவே முதுகு நோய் என்ற எண்ணமே யாருக்கும் வராது.

எனக்கு மிகவும் கவலை தருவது இடுப்பு மூட்டு. சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு அது கெடும் வாய்ப்பு அதிகம்; சிலர் இளமையிலேயே செயற்கை மூட்டு பொருத்த நேர்கிறது. இடுப்பு மூட்டின் நோ கவட்டிலோ, சிலவேளை முழங்காலிலோதான் தெரியும். வழமையாகச் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்ட பிள்ளை இப்போது கதிரையைத் தேடினால், குந்தி எழும்பச் சிரமப்பட்டால், சோம்பல் என்று ஏசவேண்டாம்.

1973இல் லண்டனில் புறூவேட்டன் என்ற வைத்தியரின் குழுவினர் இந்த நோயுள்ள 75 பேரைச் சோதித்தபோது 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் குறியைக் கண்டார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 75 பேரில் மூவரிடமே அது இருந்தது. ஆயினும் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதேயில்லை. மறுபுறம், 'வாதக் காரணி' இரத்தப் பரிசோதனையில் இந்த நோய் பொதுவாகப் பிடிபடாது. அந்த அறிக்கையைப் பார்த்து ஆறுதலடைந்தவர்கள் ஏராளம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவும் ஆண்டுகள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. முந்திக் காட்டும். ஆனால் பிள்ளையின் வளரும் குருத்தெலும்பு அந்தப் படத்தையும் குழப்பும் என்பதால் அனுபவமுள்ளவர் பார்ப்பது அவசியம்.

அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளும் தினசரி உடற்பயிற்சியும் இரு வயதினருக்கும் பொது. சல்பாசலசின் கால் மூட்டுகளுக்கு உதவும், முள்ளந்தண்டுக்குப் பயன் தராது. ஸ்டீரொய்ட் மாத்திரைகளும் முள்ளந்தண்டுக்கு அப்படித்தான். கடுமையான நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் ரி.என்.எப். என்ற புரதத்தை மறிக்கும் ஊசிகள் இருக்கின்றன. உறங்கிக் கிடக்கும் காசநோயை அவை எழுப்பிவிடலாம் என்பதால் முதலில் அதற்கான பரிசோதனை நடக்கும்.

எந்த வயதினராயினும், இந்த நோயுள்ளவரின் கண் திடீரெனச் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசினால் அது கண்ணுக்குள் மூண்ட அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பாதிக்கக்கூடியது. அன்றைக்கே கண் வைத்தியரிடம் போகவேண்டும்.