சிறகின் மறுபுறம்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் சிற்றூரை வைணவர்கள் அறிவது இராமானுஜரின் பிரதான சீடரான கூரத்தாழ்வான் அவதரித்த தலம் என்பதனால். சரித்திர ஆராய்ச்சியாளர் அறிவதோ, ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் அங்கே கிடைத்தமையால். அச்செப்பேடுகளை எழுதியவர்கள், கோயிலுக்குத் தானம் கொடுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடவில்லை. எந்த ஊர், எந்த நிலம், பாலாற்றிலிருந்து எந்தக் கால்வாய் வழியே எந்த ஏரிக்கு நீர் வருகிறது என்பதையெல்லாம் வடமொழியிலும் தமிழிலுமாகப் பொறித்து வைத்தார்கள். ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவை சான்றாக நிற்பது அந்த விவரங்களின் பலத்தினால்தான். இன்று அதே ஊரின் ஏரிக்கரையில் ஒரு பள்ளி மாணவன் தன் தகப்பனாரின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு ஒரு வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிப்பானாகில், அந்தப் படம் சில நாள் பார்த்து மகிழ்ந்து மறக்கும் காட்சியாகப் போகுமா, அல்லது பிற்காலத்து விஞ்ஞானி எடுத்துப் பார்க்கும் சாட்சியமாக நிலைபெறுமா என்பதும், அவன் எதைக் காட்டுகிறான், எதைக் குறித்து வைக்கிறான் என்பதையே பொறுத்திருக்கிறது.

முற்காலத்தில் பூச்சிகளைப் பற்றிய ஞானம் வலையும் குண்டூசியும் கண்ணாடிப் பெட்டியும் உடையவர்களுக்கே உரியதாக இருந்தது. 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மருத்துவர் ஜோஹன் கெர்ஹார்டு கோனிக் நம் கடற்கரையில் சேகரித்து அனுப்பிய பூச்சிகளுக்கு, எங்கோ ஐரோப்பாவில் அமர்ந்திருந்த டேனிய அறிஞர் ஃபேப்ரிசியஸ் பெயர் சூட்டினார். பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியான எவன்ஸ் 1927-இல் வெளியிட்ட இனங்காணும் கையேடும், நீலகிரியில் ஆசிரியப் பணி புரிந்த வின்டர்-பிளைத் 1957-இல் வெளியிட்ட பெருநூலும் இப்பாதையில் வந்தவையே. பிடித்துக் கொல்லாமலே அறியலாம் என்ற நம்பிக்கையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முன்னணியில் வைக்கத்தக்கவர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், பல பாகங்களைத் தாமே இணைத்துச் செய்துகொண்ட பளுவான காமிராவைச் சுமந்து காட்டில் திரிந்து, கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருமையையும் அவற்றின் இயல்பான நிலையில் பதிவு செய்தார். அவர் தோளில் சுமந்த பாரத்தை இன்று சட்டைப் பையில் இட்டுக்கொண்டு திரிகிறோம். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் மூவரின் பட்டப்படிப்புத் திட்டமாகத் தோன்றிய ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளம், 2010 முதல் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சார்ந்து இயங்கிவரும் இந்திய வண்ணத்துப்பூச்சிக் களஞ்சியம் ஆகிய இரண்டிலும், தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாதவர் எடுத்த படங்களே பெரும்பகுதி.

ஆனால் படம் எடுப்பது எளிதாகிவிட்டதனால் பெயர் காண்பதும் எளிதாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் முட்டையிட வரும் கறிவேப்பிலை அழகியையே எடுத்துக்கொள்வோம். இதன் ஆண், பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக அமைந்த கரிய பூச்சி. பெண்ணோ ஒரே வடிவினள் அல்லள்: ஒருத்தி ஆணையே ஒத்திருப்பாள், மற்றொருத்தி பின்சிறகின் நடுவில் வெண்திட்டும் ஓரத்தில் சிவப்புப் பொட்டுகளும் கொண்டு ரோஜா அழகி என்னும் வேறோர் இனத்தைப் போலத் தோன்றுவாள், இன்னொருத்தி முன்சிறகில் வெண்பட்டை தரித்துச் சிகப்புடல் அழகியைப் போல விளங்குவாள். ரோஜா அழகியும் சிகப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி போன்ற செடிகளை உண்டு வளர்வதால் அச்செடிகளின் விஷச் சத்து அவற்றின் உடலில் தங்கிவிடுகிறது. ஒருமுறை சுவைத்து அவதியுற்ற பறவை அந்த வேஷத்தைக் கண்டாலே விலகிச் செல்லும். விஷமற்ற கறிவேப்பிலை அழகி அந்த அச்சத்தின் நிழலில் பிழைத்துக்கொள்கிறாள். இந்த வடிவங்களைப் பழைய அறிஞர்கள் வெவ்வேறு இனங்களாகக் கருதித் தனித்தனிப் பெயர்கள் இட்டிருந்தனர். 1860-களில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அவை யாவும் ஒரே இனத்தின் பெண்களே என்று தெளிவுபடுத்தினார். அந்த வேஷத்தை நிர்ணயிப்பது ‘டபிள்செக்ஸ்’ என்னும் ஒரே மரபணு என்பதை 2014-இல் நிரூபித்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், மேற்சொன்ன பெங்களூர்க் களஞ்சியத்தை நடத்திவரும் கிருஷ்ணமேக் குண்டேதான்.

பறவையை ஏமாற்றும் இந்த வேஷம் காமிராக்காரரையும் ஏமாற்றும். சிறகை மட்டும் பார்த்தால் ஐயம் தீராது. உடலைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகிக்கும் சிகப்புடல் அழகிக்கும் தலையும் வயிறும் செக்கச்செவேலென்று இருக்கும். வேஷதாரிக்கு உடல் கறுப்பு. சிறகு விரிந்த அழகில் மனம் பறிகொடுத்து மேலிருந்தே பத்துப் படங்கள் எடுத்து, பக்கவாட்டில் வயிறு தெரிய ஒரு படமும் எடுக்காதவருக்கு எந்த நிபுணரும் உதவ இயலாது. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியனுக்கும் இவ்வாறே ஒரு போலி உண்டு. ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் இனத்தின் பெண், ஆரஞ்சு நிறமும் கரிய நுனியும் வெண்பட்டையுமாக வெந்தய வரியனை அப்படியே ஒத்திருக்கும். அதன் ஆணோ, கரிய சிறகில் நீலச்சாயல் சூழ்ந்த வெள்ளை வட்டங்கள் கொண்டு, அவளுக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாதது போலக் காட்சியளிக்கும். வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு கரும்புள்ளிகள் உண்டு. போலியின் சிறகு நடுவில் அவை இல்லை. இந்தச் சிறு புள்ளிகள்தாம் தீர்ப்பு.

வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு அடையாளம் சிறகின் அடிப்புறத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. புல்வெளிகளில் தாழப் பறக்கும் சிறு மஞ்சள் பூச்சிகள் அமர்ந்தவுடன் சிறகை மூடிக்கொள்பவை. அடிப்புறத்தில், முன்சிறகில் நரம்புகள் சூழ்ந்த நடுக்கலத்துள் புள்ளிகள் இரண்டா மூன்றா என்று எண்ணித்தான் ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரிக்க வேண்டும். நகக்கண் அளவே உள்ள புல் நீலன்களும் அப்படியே. காஞ்சியில் தறியில் அமர்ந்து பழகிய முதியவர் ஒருவர், உடலும் கரையும் தனித்தனியே ஓடிவந்து கோர்வையாகப் பிணைந்த புடவைதானா என்று அறிய, மேற்புறத்துச் சரிகையின் ஜொலிப்பில் மயங்காமல் புடவையைத் திருப்பிப் பார்ப்பதைப் போல, பூச்சியை அறிய விரும்புகிறவரும் மறுபுறத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

பருவகாலமும் தன் பங்குக்குக் குழப்பம் செய்கிறது. அந்திப்பொழுதில் பறக்கும் மெலானிடிஸ் லீடா என்னும் பழுப்புப் பூச்சி, மழைக்காலத்தில் பிறந்தால் அடிச்சிறகில் கண்போன்ற வட்டங்கள் பூண்டிருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தால் அவ்வட்டங்கள் மங்கி, உதிர்ந்த சருகையே ஒத்திருக்கும். இரண்டும் ஓரினம். படத்தோடு தேதி இல்லையேல் இந்த மாறுபாட்டின் நியாயம் விளங்காது. எந்தச் செடியில் அமர்ந்திருந்தது, எந்தச் செடியில் முட்டையிட்டது என்ற குறிப்பு அதைவிட விலைமதிப்புள்ளது. கோயில் நந்தவனத்து அரளியில் தொங்கும், பொன்வார்த்தாற்போல் மின்னும் கூட்டுப்புழுவைக் கண்டவர், அரளி என்ற ஒரு சொல்லை எழுதிவைத்தாலே வெண்புள்ளிக் கருப்பனின் திசையில் பாதிவழி வந்துவிட்டவராவார்.

பூச்சியில் பெயர் பிழைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்வோர் உண்டு. பாம்பில் பெயர் பிழைத்தால் என்ன ஆகும் என்பதைக் கிராமத்தில் வாழ்பவர் அறிவர். வீட்டுக்குள் பல்லி தேடி வரும் வெள்ளிக்கோல் வரையன் விஷமற்றது. கட்டுவிரியன் உயிரைக் குடிப்பது. இரண்டும் கரிய உடலில் வெள்ளை வளையங்கள் கொண்டவை. வெள்ளிக்கோல் வரையனுக்கு வளையங்கள் கழுத்தருகிலேயே தொடங்கி வால்பக்கம் மங்கிப்போகும்; கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டி வளையம் இராது, சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவு பெறும்; முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோண வடிவில் இருக்கும். தூரத்திலிருந்து எடுத்த ஒரு தெளிவான படத்தை அறிந்தவருக்கு அனுப்பி, நிரபராதியான பாம்பு ஒன்று அடிபட்டுச் சாகாமல் காக்க முடியும். ஆயினும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: படத்துக்காக எவரும் பாம்பை நெருங்கலாகாது, கடிபட்ட பின் படத்துக்காக ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவான முறிமருந்தே நம் மருத்துவமனைகளில் தரப்படுகிறது. ஆகவே வைத்தியருக்குப் படம் அவசியமன்று, நோயாளி விரைந்து வந்து சேர்வதே அவசியம்.

இப்போது படத்தைக் காட்டியவுடன் இயந்திரமே பெயர் சொல்கிறது. இது வியக்கத்தக்க உதவி, இகழ வேண்டுவதில்லை. ஆனால் இயந்திரம் கற்றது முன்பு எடுக்கப்பட்ட படங்களிலிருந்து; அதிகம் படம் பிடிக்கப்பட்ட இனத்தை அது எளிதில் ஊகிக்கும், அரியதைத் தெரிந்ததாக மாற்றிச் சொல்லிவிடும். சிறகின் நடுக்கலத்துள் உள்ள புள்ளி படத்தில் விழாதிருந்தால் அதை இயந்திரத்தாலும் எண்ண முடியாது. அதனாலேயே ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆராய்ச்சித் தரம் பெற வேண்டுமானால், தேதியும் இடமும் இருப்பதோடு, பெயர் சொன்ன மனிதரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உடன்பட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இனம் வரை செல்ல இயலாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறைபாடு அன்று. தவறான பெயரைத் துணிந்து எழுதுவதைக் காட்டிலும் அது மேலான விஞ்ஞானம் என்பதே என் அபிப்பிராயம்.

2019-இல் தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. 2023-இல் தேனியைச் சேர்ந்த வனம் அமைப்பினர் மேகமலையின் பெயரையே தாங்கிய ஒரு புதிய வெள்ளிக்கோட்டு இனத்தை உலகுக்கு அறிவித்தனர். இரண்டு செய்திகளும் மலைநாட்டைச் சார்ந்தவை. கண்ணும் காமிராவும் மலையை நோக்கியே செல்கின்றன. ஏரிக்கரையும் எருக்கங்காடும் வயல்வரப்பும் உள்ள சமவெளி ஊர்களில், நேற்றுவரை இருந்தது இன்று இல்லாமற்போனாலும், இருந்தது என்பதற்கே ஆதாரமிராது. பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து எடுத்த நூலால் வாழ்வது காஞ்சி வட்டாரம். அந்தப் பட்டுப்பூச்சியும் அந்துப்பூச்சி வகையே ஆதலின், இரவில் தெருவிளக்கைச் சுற்றும் அதன் உறவினர்களையும் இவ்வூர்ப் பிள்ளைகள் புறக்கணிக்க வேண்டாம். இந்தியாவில் அவை பதினாயிரம் இனங்களுக்கு மேல்.

ஆகவே கூரத்திலும் அதைப் போன்ற ஊர்களிலும் இருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். பூச்சியை விரலால் பிடிக்காதீர்கள். சிறகின் செதில்கள் உதிர்ந்தால் திரும்ப முளைக்கமாட்டா. மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, உடல் தெரியப் பக்கவாட்டில் ஒன்று என எடுங்கள். ஊரும் நாளும் செடியும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் சேருங்கள். பெயரை மற்றவர்கள் பின்னால் கண்டுகொள்வார்கள். இடத்தையும் நாளையும் உங்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது.