கூகுளில் நம்ம மலைப்பூண்டு எங்கே?



"கூகுள்ல தேடினா உங்க குழு பேருதான் முதல்ல வரும். பத்தாயிரம் கட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நம் குழு ஒன்றுக்கு ஃபோன் வந்தது. சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பணம் கட்டுவதற்கு முன்னால், தேடலில் யார் மேலே வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

தேடும்போது என்ன நடக்கிறது?

கூகுள் இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, நூலகப் பட்டியல் மாதிரி குறித்து வைத்திருக்கிறது. நாம் தேடும்போது அந்தக் குறிப்பிலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது. அது படிக்க முடியாத எதுவும் தேடலில் வராது. வாட்ஸ்அப் குழுவில் தினமும் பூண்டு படம் போடுகிறோம். அது குழுவில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஃபேஸ்புக்கில் 'நண்பர்களுக்கு மட்டும்' என்று போட்டாலும் அப்படியே. எல்லோரும் பார்க்கும்படி தொழிலுக்கென்று தனிப் பக்கம் திறந்தால்தான் தேடலில் வர வாய்ப்பு. இன்ஸ்டாகிராமில் பொதுவாகத் திறந்து வைத்த தொழில் கணக்குகளின் பதிவுகளும் 2025 ஜூலை முதல் தேடலில் வர வழி செய்திருக்கிறார்கள்.

மேலே வருவது எப்படி?

முதலாவது, நாம் எழுதும் சொல். மதுரையில் இருப்பவர் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று தேடுகிறார். நம் பக்கத்தில் 'தரமான பொருட்கள் கிடைக்கும்' என்று மட்டும் இருந்தால் கூகுளுக்கு எப்படித் தெரியும்? பொருளின் பெயர், ஊர், எடை, விலை, அனுப்பும் விதம் எல்லாம் எழுத வேண்டும். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். மக்கள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நம் மலைக்குக் கிடைத்த மதிப்பு. வெளியூர்ப் பூண்டை வாங்கி அந்தப் பெயரில் விற்றால் பேரும் போகும், சட்டப்படியும் தவறு.

இரண்டாவது, அடுத்தவர் சொல்லும் சொல். "நான் நல்லா சமைப்பேன்"னு நானே சொன்னா யார் நம்புவா? நாலு பேர் சொல்லணும். அதிலும் ஊர் மதிக்கிற ஒருத்தர் சொன்னா எடை கூட. 1998-ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் கூகுளைத் தொடங்கியபோது இந்தக் கணக்கைத்தான் வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு மற்ற நல்ல பக்கங்கள் எத்தனை வழி காட்டுகின்றன என்று பார்த்தார்கள். இன்று இன்னும் பல கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் இது போய்விடவில்லை. ஆகவே நம் பொருளை வாங்கும் கடை, கல்லூரி, தொண்டு நிறுவனம் தங்கள் இணையதளத்தில் நம் பக்கத்தைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, இடம். கடைகளை வரைபடத்தில் காட்டும்போது கூகுள் முக்கியமாக மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வந்தவர் அங்கே நின்று 'பூண்டு கடை' என்று தேடினால், பக்கத்தில் இருக்கும் நமக்கு வாய்ப்பு அதிகம். அதே சொல்லைச் சென்னையில் தேடினால் வேறு கடைகள் வரும். "என் ஃபோன்ல முதல்ல வருது"ன்னு சந்தோஷப்பட்டு நின்றுவிட வேண்டாம்!

நாம் செய்ய வேண்டியவை

1. கூகுள் வணிகப் பக்கத்தில் குழுவைப் பதிவு செய்யுங்கள். இது இலவசம். வாடிக்கையாளரை நேரில் சந்தித்து விற்கும் தொழிலாக இருக்க வேண்டும்.

2. பெயர், ஃபோன் எண், முகவரி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கட்டும். திறக்கும் நேரம் சரியாக இருக்கட்டும். வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

3. வாங்கியவரிடம், "உங்க கருத்தை ரெண்டு வரி எழுதுங்க" என்று கேளுங்கள். தள்ளுபடி கொடுத்து எழுத வைப்பதும், நாமே நமக்கு நட்சத்திரம் போடுவதும் விதிப்படி தவறு. குறை சொன்னால் கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

4. கணக்கு குழுவின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஊக்குநர் மாறினாலும் பக்கம் குழுவிடமே இருக்க வேண்டும். யார் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பத்தாயிரம் கட்டலாமா?

முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பணம் கட்டினால் விளம்பரம் வரும். அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும், பணம் தீர்ந்ததும் மறைந்துவிடும். பக்கம் அமைக்கத் தெரிந்த ஒருவருக்கு வேலைக்கான கூலி கொடுப்பதில் தவறில்லை. 'முதலிடம்' என்ற வாக்குக்காகச் சேமிப்பை எடுக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வாங்குபவர் எப்படித் தேடுவாரோ அப்படியே ஒரு ஃபோனில் தேடிப் பாருங்கள். நம் பெயர் வரவில்லையா? அன்றைக்கே பதிவைத் தொடங்கிவிடுங்கள். விளைவிக்கத் தெரிந்த நமக்கு விலாசம் எழுதவா தெரியாது?