ஆட்சியாளரின் பிள்ளைக்குத் தனிச் சட்டம் உண்டா?

2008 ஜூலை 15 அன்று, லிபியாவை ஆண்ட முவம்மர் கடாபியின் மகன் ஹனிபாலையும் அவருடைய மனைவியையும் ஜெனீவாவின் சொகுசு ஓட்டல் ஒன்றில் சுவிஸ் போலீசார் கைது செய்தார்கள். பெல்ட்டாலும் துணி மாட்டும் ஹேங்கராலும் தங்களை அடித்ததாக அந்தத் தம்பதியிடம் வேலை பார்த்த இருவர் புகார் கொடுத்திருந்தார்கள். ஒருவர் மொராக்கோ நாட்டு ஆண், மற்றவர் துனிசியப் பெண். தம்பதி குற்றச்சாட்டை மறுத்தனர். இரண்டு நாளில் 5 லட்சம் சுவிஸ் பிராங்க் ஜாமீனில் வெளியே வந்தனர். வேறு யாராவது இப்படிச் சிக்கியிருந்தால் வழக்கு அதன் போக்கில் நடந்திருக்கும். இங்கே சில நாட்களுக்குள் லிபியாவில் சுவிஸ் தொழில்துறையினர் இருவர் பிடித்துவைக்கப்பட்டார்கள். சுவிஸ் நிறுவனங்களின் அலுவலகங்கள் மூடப்பட்டன, எண்ணெய் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது, விமானங்கள் குறைக்கப்பட்டன. புகார் கொடுத்த மொராக்கோ தொழிலாளியின் தாயும் சகோதரனும்கூட லிபியாவில் பிடிபட்டார்கள். இழப்பீடு பெற்றுக்கொண்டு தொழிலாளர்கள் புகாரைத் திரும்பப் பெற, செப்டம்பரில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. பகை மட்டும் முடியவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே அது 2010 வரை நீண்டது.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மானம், இன்னொரு நாட்டின் சட்ட மரியாதை, வணிகம், விசா என எல்லாமே பேசப்பட்டன. அடிபட்டதாகச் சொன்ன இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்பதுதான் பேச்சிலிருந்து காணாமல் போனது. ஒரு வீட்டுக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் அடிதடி வழக்கை இரு நாடுகளின் கௌரவப் பிரச்சினையாக மாற்றிவிட்டால், பாதிக்கப்பட்டவர் வழக்கிலிருந்தே வெளியேற்றப்படுகிறார். அதிகாரக் குடும்பங்களின் உண்மையான கவசம் இந்த மாற்றம்தான். சட்டம் அவர்களுக்கு அவ்வளவு பெரிய கவசம் எதையும் தரவில்லை.

சட்டம் சொல்வதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தப்படி, ஒரு நாட்டில் முறைப்படி நியமிக்கப்பட்ட தூதரக அதிகாரியையும், அவரோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினரையும் அந்த நாட்டில் கைது செய்ய முடியாது. பதவியில் இருக்கும் நாட்டுத் தலைவர், பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகியோருக்கும் அயல்நாட்டு நீதிமன்றங்களில் விலக்கு உண்டு என்பதைச் சர்வதேச நீதிமன்றம் 2002-இல் உறுதிசெய்தது. ஆனால் மன்னரின் மகள், அதிபரின் மகன் என்ற ரத்த உறவு மட்டுமே யாருக்கும் இந்த விலக்கைத் தந்துவிடாது. ஷாப்பிங்கிற்கோ சிகிச்சைக்கோ வந்தவர், சட்டத்தின் கண்ணில் பாஸ்போர்ட்டோடு வந்த பயணிதான். விலக்கு உள்ளவருக்கும் உள்ளூர்ச் சட்டத்தை மதிக்கும் கடமை இருக்கிறது. அவரை அனுப்பிய நாடு விரும்பினால் விலக்கை விட்டுக்கொடுக்கலாம். மறுத்தால், காரணமே சொல்லாமல் அவரை வெளியேற்றும் உரிமை வரவேற்ற நாட்டுக்கு உண்டு.

நீதிமன்றங்கள் உறுதியாக நின்றபோது இந்த விதிகள் வேலை செய்திருக்கின்றன. 2017-இல் ஜோகன்னஸ்பர்க் ஓட்டல் ஒன்றில் ஓர் இளம்பெண்ணை மின்கம்பியால் அடித்ததாக, அப்போதைய ஜிம்பாப்வே அதிபரின் மனைவி கிரேஸ் முகாபே மீது புகார் எழுந்தது. அவர் மறுத்தார், தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு விலக்கு கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தது. அந்த விலக்கு செல்லாது என்று 2018-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சவுதி மன்னரின் மகள் ஹஸ்ஸா, பாரிஸ் வீட்டில் வேலைக்கு வந்த ஒரு பிளம்பரை மெய்க்காவலர் மூலம் தாக்கச் சொன்னதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2019-இல் அவருக்கு 10 மாதச் சிறை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாகவும் 10,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டன. பிரஸ்ஸல்ஸ் ஓட்டல் ஒன்றில் பணிப்பெண்களை இழிவாக நடத்திய வழக்கில் அபுதாபி அரச குடும்பப் பெண்கள் எட்டு பேர் 2017-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. புகார் எழுந்ததோ 2008-இல். தண்டனை லேசானது, தாமதமும் அநியாயமானது. ஆனாலும், குடும்பப் பெயரைக் கேட்டதும் நீதிமன்றக் கதவு மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இவை சாட்சி.

“இரண்டு வேலையாட்களுக்காக ஒரு நாடு தன் குடிமக்களைப் பணயம் வைக்கலாமா? மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவதுதானே விவேகம்?” என்று கேட்பவர்கள் உண்டு. சிறையில் கிடப்பவரின் குடும்பம் இப்படிக் கேட்டால் அதில் தவறே இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்து அந்த வழியையும் நடந்து பார்த்தது. அதன் அதிபர் ஹான்ஸ்-ருடால்ஃப் மெர்ஸ் 2009 ஆகஸ்டில் திரிப்போலி சென்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிடிபட்ட இருவரும் உடனே ஊர் திரும்பவில்லை. மருத்துவப் பரிசோதனை என்று அழைத்துச் செல்லப்பட்டு, சில வாரங்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வைக்கப்பட்டார்கள். ஒருவர் 2010 பிப்ரவரியிலும், மற்றவர் சிறைத்தண்டனையும் அனுபவித்த பிறகு ஜூனிலும்தான் விடுவிக்கப்பட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா லிபியப் பிரமுகர்களுக்குக் கிடைக்காமல் போய், அந்த நாடுகள் சேர்ந்து பேச வேண்டி வந்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. மிரட்டலுக்குத் தனியாகப் பணிந்த நாடு பெற்றது கொஞ்சம்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இந்தச் சட்டமெல்லாம் ஏழை நாடுகளின் தலைவர்களை அவமானப்படுத்தத்தானே, வல்லரசுகள் தங்கள் ஆட்களை ஒப்படைக்கின்றனவா என்பது அது. நியாயமான கேள்வி. 2019-இல் இங்கிலாந்தின் குரோட்டன் விமானப்படைத் தளம் அருகே, சாலையின் தவறான பக்கத்தில் கார் ஓட்டிவந்த ஓர் அமெரிக்க அதிகாரியின் மனைவி மோதி 19 வயது இளைஞர் இறந்தார். அந்தப் பெண் நாடு திரும்பினார். அவரை ஒப்படைக்க அமெரிக்கா மறுத்தது. இளைஞரின் பெற்றோர் விடாமல் போராடியதால்தான் 2022-இல் வீடியோ வழியாகவாவது தண்டனை வழங்கப்பட்டது. நம் கை சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2013-இல் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் ஒருவர், வீட்டுப் பணியாளரின் விசா, சம்பளம் தொடர்பான குற்றச்சாட்டில் கைதாகி ஆடை களைந்து சோதனையிடப்பட்டார். அவர் குற்றத்தை மறுத்தார். சோதனை முறை கண்டிக்கத்தக்கது. ஆனால் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்பிருந்த பாதுகாப்புத் தடுப்புகளை அகற்றும் அளவுக்குக் கொதித்த நாம், சம்பளம் கேட்டவரும் ஓர் இந்தியப் பெண்தான் என்பதை எத்தனை முறை நினைத்தோம்? இரட்டை வேடத்துக்கு மருந்து விதியை எல்லோருக்கும் நீட்டுவதுதான். விதியையே கைவிட்டால் லாபம் பலசாலிகளுக்கே.

எல்லோருக்கும் என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சேர்த்துத்தான். ஜெனீவா போலீஸ் எடுத்த ஹனிபாலின் படங்கள் 2009-இல் பத்திரிகையில் வெளியானது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அவரே 2015 டிசம்பரில் லெபனானில் அடைக்கப்பட்டு, பல ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் இருந்தார். காரணமாகச் சொல்லப்பட்டது, 1978-இல் லிபியாவில் காணாமல்போன ஒரு லெபனான் மதத் தலைவரின் வழக்கு. அப்போது ஹனிபால் சின்னஞ்சிறு குழந்தை. கடாபியின் மகன் என்பதற்காக ஒருவரை விட்டுவிடுவது தவறு என்றால், அதே காரணத்துக்காக அடைத்துவைப்பதும் தவறு.

ஆகவே அரசுகள் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. விலக்கு உண்டா இல்லையா என்பதை அமைச்சரின் வசதிக்கு விடாமல் நீதிமன்றம் விரைந்து முடிவுசெய்ய வேண்டும். புகார் கொடுத்தவருக்குத் தங்கும் உரிமையும், ஊரில் இருக்கும் அவர் குடும்பத்துக்குப் பாதுகாப்பும் முதலில் கிடைக்க வேண்டும். மொராக்கோ தொழிலாளியின் தாய் பிடிபட்டது, மிரட்டல் எங்கே போய் அடிக்கும் என்பதைக் காட்டிவிட்டது. வீட்டுப் பணியாளரை நவீன அடிமையாகச் சுரண்டிய வழக்கில் தூதரக விலக்கு செல்லாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னதை மற்ற நாடுகளும் பின்பற்றலாம்.

வெளிநாட்டு வீடுகளில் வேலை பார்க்கப் போகும் நம் பெண்களும் ஆண்களும் அறிய வேண்டியவையும் உண்டு. முதலாளி எவ்வளவு பெரிய குடும்பமானாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. இந்தியாவிலிருந்து செல்பவர்கள், தங்களை அனுப்புபவர் பதிவுபெற்ற முகவர்தானா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சிக்கல் வந்தால் குடும்பத்தினர் அதே அரசின் ‘மதத்’ (MADAD) தளத்தில் புகார் பதியலாம். இலங்கையிலிருந்து செல்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே புறப்பட வேண்டும். அடித்தால் உடனே மருத்துவச் சான்று பெறுவதும், உள்ளூர் போலீசிலும் நம் தூதரகத்திலும் எழுத்தில் புகார் கொடுப்பதும் முக்கியம். அடுத்த முறை இப்படி ஒரு தகராறு செய்தியாகும்போது, எந்த நாடு தலைகுனிந்தது என்று பார்க்கும் முன், புகார் கொடுத்தவர் பத்திரமாக இருக்கிறாரா, அவர் வழக்கு நடக்கிறதா என்று கேட்போம். வாசகர்கள் கேட்டால் பத்திரிகைகள் கேட்கும். பத்திரிகைகள் விடாமல் கேட்டால் அரசுகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.