பல் இழப்பும் தாமதத்தின் விலையும்

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. பல் போனபின் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பால்பல் விழுந்தால் அவ்விடத்தில் வேறொன்று முளைக்கும். நிலைப்பல் விழுந்தால் இயற்கையின் கையிருப்பு அத்துடன் தீர்ந்தது. அதை ஈடுசெய்வதில் பணத்தைவிடக் காலமே பெரிய கணக்கு.

விபத்திலோ விளையாட்டிலோ நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. வேரின்மேல் ஒட்டியுள்ள நார்த்திசுவின் உயிரணுக்கள் பிழைத்திருந்தால் அப்பல் மீண்டும் தாடையோடு பொருந்தக்கூடும். ஆனால், உலர்ந்த நிலையில் அவை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

பல்லின் வெண்மையான மேற்பகுதியை மட்டுமே பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குழாய் நீரிலோ சில நொடிகள் அலசினால் போதும். அடிபட்டவர் நல்ல நினைவோடு இருந்தால், பல்லைக் குழியிலேயே திரும்பப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்தபடி பல் மருத்துவரிடம் விரைய வேண்டும். இயலாவிட்டால் குளிர்ந்த பாலில் இட்டு எடுத்துச் செல்லலாம். தண்ணீரில் ஊறவைத்தால் அந்த உயிரணுக்கள் சிதைந்துவிடும். குழந்தையின் பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தலாகாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு.

விபத்தைவிடச் சொத்தையாலும் ஈறு நோயாலும் பல்லை இழப்போரே மிகுதி. அவர்களுக்குக் கெடு மணிக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் இருக்கிறது. வலி நின்றவுடன் விஷயம் முடிந்ததென்று கருதுவதே நம் வழக்கம். ஆனால், வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் அப்போதுதான் தொடங்குகிறது. பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. எதிர்த்தாடைப் பல் நீண்டு இறங்குகிறது. வேரைத் தாங்கிய எலும்பு கரைகிறது. ஓராண்டுக்குள் அந்த எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும் என்றும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. தாமதித்தால், பின்னர் எலும்பையும் சேர்த்து நிரப்ப வேண்டிய செலவு வரும்.

ஈடுசெய்ய மூன்று வழிகள் உண்டு. கழற்றி மாட்டும் பல்செட் விலை குறைவு. பழகச் சில நாள்கள் ஆகும். பாலம் எனப்படும் நிலையான பல்வரிசைக்கு இருபுறப் பற்களையும் செதுக்க வேண்டும். டைட்டானியத் திருகை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் முறையை ஸ்வீடன் நாட்டின் பிரோனெமார்க் 1965-இல் முதன்முதலாக மனிதரிடம் கையாண்டார். இதில் பக்கத்துப் பற்களுக்குச் சேதமில்லை. செலவு அதிகம், முடிய மாதங்கள் ஆகலாம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் அதன் வெற்றியைக் குறைக்கும்.

விலை மிகுந்ததே சிறந்தது என்பதில்லை. எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுக்க நேர்ந்தபோது நான் பாலத்தையே தேர்ந்தேன். இருபுறப் பற்களும் ஏற்கெனவே வேர் சிகிச்சை முடிந்து உறை போடப்பட்டவை. நல்ல பல்லைச் செதுக்கும் இழப்பு அங்கே இல்லை. பக்கத்துப் பற்கள் பழுதற்றவையாக இருந்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கும். ஞானப்பல் போன்ற சிலவற்றை ஈடுசெய்யவே தேவையில்லை. 'இதை நிரப்பாவிட்டால் என்ன ஆகும்?' என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

இது தனிமனிதர் கணக்கு மட்டுமன்று. பல்லைப் பிடுங்குவது மலிவு. காப்பாற்றுவதும் ஈடுசெய்வதும் செலவு மிகுந்தவை. ஆகவே, வசதியுள்ளவர் காப்பாற்றிக்கொள்கிறார், ஏழை பிடுங்கிக்கொள்கிறார். மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் விபத்தால் நேரும் பல் சிகிச்சையையே ஏற்கின்றன. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களே எளியோரின் புகலிடம். பல் எடுக்கும் இடங்களிலெல்லாம் வேர் சிகிச்சையும் பல்செட்டும் குறைந்த செலவில் கிடைப்பதே நியாயம்.

80 வயதில் 20 சொந்தப் பற்கள் என்னும் இயக்கத்தை ஜப்பான் 1989-இல் தொடங்கியது. அப்போது அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016-இல் பாதிப்பேர் எட்டினர். ஓர் அரசு பற்களைப் பொதுச்சொத்தாகக் கருதினால் ஒரு தலைமுறைக்குள் என்ன நிகழும் என்பதற்கு இதுவே சான்று. அதுவரை, பல் எடுத்தவர்கள் வலி நின்றதும் மருத்துவரை மறந்துவிடாமல், முதல் மூன்று மாதங்களுக்குள் அடுத்த முடிவை எடுத்துவிடுவது நல்லது.