சூரியனை அளக்கப் புதுச்சேரிக்கு வந்தவர்

சூரியனும் சந்திரனும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான். முழு சூரிய கிரகணத்தன்று ஒன்று மற்றொன்றைக் கச்சிதமாக மூடிவிடுகிறது. உண்மையில் சூரியனின் விட்டம் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது. தூரமும் கிட்டத்தட்ட அதே 400 மடங்கு. அதனால்தான் இந்த மயக்கம். வானில் இருப்பது எதுவானாலும், தூரம் தெரியாமல் பருமனைச் சொல்ல முடியாது.

அந்தத் தூரம்தான் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலர் கெப்ளர் கோள்களின் தூர விகிதத்தைச் சொல்லிவிட்டார். பூமி சூரியனிலிருந்து 1 பங்கு தூரம் என்றால் வெள்ளி 0.72 பங்கு, வியாழன் 5.2 பங்கு. ஆனால் ஒரு பங்கு எத்தனை மைல்? அது ஒன்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அதற்கு வழி சொன்னவர் ஆங்கிலேய வானியலர் எட்மண்ட் ஹாலி. வெள்ளிக் கோள் எப்போதாவது சூரியனுக்கும் நமக்கும் நடுவே, ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோகும். பூமியின் வடகோடியில் இருப்பவருக்கும் தென்கோடியில் இருப்பவருக்கும் அந்தப் புள்ளி சற்றே வேறு வேறு பாதையில் தெரியும்; கடக்கும் நேரமும் சில நிமிடங்கள் மாறும். அந்த வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று 1716இல் எழுதினார். சிக்கல் என்னவென்றால், இது எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. அடுத்த ஜோடி 1761, 1769. அதுவரை தாம் இருக்கமாட்டோம் என்று ஹாலிக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

முதல் கடப்பைப் பார்க்க, பிரெஞ்சு வானியலர் கியோம் லெ ஜான்தி 1760இல், அன்று பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த புதுச்சேரியை நோக்கிக் கப்பல் ஏறினார். இந்தியக் கரையை நெருங்கும்போதுதான், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி கிடைத்தது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பல் தளத்தில் நின்றே வெள்ளியைப் பார்த்தார். அங்கே ஊசல் கடிகாரம் ஓடாது. குறித்த நேரம் கணக்குக்கு உதவவில்லை.

ஊர் திரும்பாமல் அடுத்த வாய்ப்புக்காக இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவில் இருந்து பார்க்கலாம் என்றும் நினைத்தார். கடைசியில் 1768இல் புதுச்சேரிக்கே வந்தார். இப்போது ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம். இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வுக்கூடம் எழுந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் கொடுத்தார்கள்.

காத்திருந்த வாரங்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம் சூழ்ந்துகொண்டது. வெள்ளி சூரியனைக் கடந்து முடித்த பிறகுதான் வெயில் வந்தது. அன்று மணிலாவில் வானம் தெளிவு! இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. 1771இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக நினைத்து வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

கிடைத்த கணக்கு

அதே கடப்பைத் தாஹிட்டியில் கேப்டன் குக், நார்வேயின் வடகிழக்கு முனையில் மாக்சிமிலியன் ஹெல் எனப் பலர் பார்த்து எடுத்த குறிப்புகளைத் திரட்டி, 1771இல் பிரெஞ்சு வானியலர் லாலாந்து சொன்ன தூரம் சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய கணக்கு 14.96 கோடி. பிசகு மூன்று சதவீதத்துக்கும் குறைவு.

தூரம் வந்ததும் பருமனும் வந்தது. நமக்குத் தெரியும் சூரிய வட்டம் அரை பாகைக்குச் சற்று அதிக அகலம். அப்படியானால் விட்டம் தூரத்தில் ஏறக்குறைய 107இல் ஒரு பங்கு, அதாவது 13.9 லட்சம் கிலோமீட்டர். பூமிக்கு 12,742 கிலோமீட்டர்தான். கோள்களில் பெரியதான வியாழனே சூரியனின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனிடமே இருக்கிறது.

பாடநூல் படங்களில் கோள்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். பூமியை 2 மில்லிமீட்டர் கடுகாக வைத்துப் பாருங்கள்: சூரியன் ஒரு கால்பந்து, கடுகுக்கும் அதற்கும் இடையே 23 மீட்டர். வியாழன் நெல்லிக்காய், 120 மீட்டர் தள்ளி. கடைக்கோள் நெப்டியூன் கொண்டைக்கடலை அளவில், 700 மீட்டருக்கு அப்பால். நடுவில் இருப்பதெல்லாம் வெற்றிடம். எந்தப் பக்கத்திலும் இதை அச்சடிக்க முடியாது.

1961இல் வெள்ளியின் மீது ரேடார் அலைகளை மோதவிட்டு, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்தே தூரத்தை நுட்பமாக அளந்துவிட்டார்கள். வெள்ளி அடுத்து சூரியனைக் கடப்பது 2117 டிசம்பரில். அப்போது வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் கூடும். அளப்பதற்காக யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை.