தோழியோடு கடல் தாண்டினால் குற்றமா?



‘பிளஸ் டூ’ பரீட்சை முடிந்ததும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நாம் என்ன தருகிறோம்? கம்ப்யூட்டர் வகுப்பு, தையல் வகுப்பு, மிஞ்சிப் போனால் பாட்டி வீட்டில் பத்து நாள். அதே ஆண் பிள்ளை என்றால், நண்பர்களோடு கோவா, கொடைக்கானல் என்று கிளம்பி விடுவான். ‘பத்திரமா போயிட்டு வாடா’ என்று கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புவோம். பெண் கேட்டால், ‘கல்யாணம் ஆனதும் உன் புருஷனோட போ’ என்போம். இந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமும்? கல்யாணம் ஆன பிறகு எத்தனை பேர் போனோம் என்பதை அவரவர் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2025 கோடை விடுமுறையில் என் மகளும், ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழியும், ஐந்து நாள் மலேசியா போய் வந்தார்கள். துணைக்கு அண்ணன், மாமா யாரும் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும்தான். இதைப் படித்ததும் ‘பணக்கார வீட்டுக் கதை’ என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். என் வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். அந்தத் தோழியின் அம்மா, ‘எக்ஸ்போர்ட்’ கம்பெனியில் துணி தைத்து, தனி ஆளாக மகளை வளர்த்தவர்.

பேச்சு எழுந்ததும் முதல் எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து வந்தது. ‘இன்னாம்மா இது, வயசுப் பொண்ணுங்கள ரெண்டு பேரா கடல் தாண்டி அனுப்புறது? அக்கம்பக்கத்துல இன்னா பேசுவாங்க?’ என்றார். அவர் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்; அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ‘அந்தக் காலத்துல ராஜுலா கப்பல்ல பொம்பளைங்க போகலையா அத்தை?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு அவரே சொல்ல ஆரம்பித்து விட்டார். தகரப் பெட்டி, பாய், ஊறுகாய் ஜாடியோடு குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பார்களாம். வழியனுப்ப வந்தவர்களின் அழுகைச் சத்தம் கப்பல் சங்கையும் மீறிக் கேட்குமாம்.

இளைய வாசகியருக்காகச் சொல்கிறேன். 1926ல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பல், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாக சிங்கப்பூர் வரை போய் வந்தது. அதற்குப் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் ஓடியது. 1980களில் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் பயணமும் நின்று போனது. அதுவரை நம் வடசென்னைக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கடல் தாண்டியிருக்கிறார்கள். ஏன், எங்கள் காலடிப்பேட்டையின் பெயரே கடல் தாண்டி வந்தவருடையதுதான். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ‘காலட் பேட்டை’தான், நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று கப்பல் ஏறிய பெண்களில் பெரும்பாலோர் கணவனோடு, பிழைப்புக்காகப் போனவர்கள். இன்றும் ஒரு பெண் நர்ஸ் வேலைக்கோ, வீட்டு வேலைக்கோ வளைகுடா நாட்டுக்குத் தனியாகப் போனால், ‘குடும்பத்தைக் காப்பாத்துறா’ என்று பாராட்டுகிறோம். அதே பெண் ஐந்து நாள் ஊர் பார்க்கப் போகிறேன் என்றால், ‘எதுக்கு? யாரோட?’ என்று துளைக்கிறோம். சம்பாதிக்கப் போனால் பத்திரமாக இருப்பாள், சுற்றிப் பார்க்கப் போனால் கெட்டு விடுவாள் என்பது என்ன நியாயம் தோழியரே?

இதற்கு எதிரான பாடம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். அப்போது அவருக்கு வயது 17. ‘பொண்ணுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்’ என்று வீட்டில் நிறுத்தியிருந்தால், அந்தத் தங்கம் ஏது?

ஐரோப்பாவில் இன்னும் ஒருபடி மேலே. அங்கே ஐரோப்பிய ஒன்றியம், 2018லிருந்து, 18 வயதானவர்களில் தேர்வு பெறுகிறவர்களுக்கு இலவச ரயில் ‘பாஸ்’ கொடுத்து, ‘போய் நாலு நாடு பார்த்து வாருங்கள்’ என்று அனுப்புகிறது. உலகத்தைப் பார்ப்பதும் படிப்பின் ஒரு பகுதி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நமக்கு இலவச ‘பாஸ்’ வேண்டாம்; தடை போடாமல் இருந்தாலே போதும்.

சரி, ‘போ’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. நாங்கள் இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திட்டமிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, பாஸ்போர்ட். தோழியின் அம்மாவுக்கு இதில்தான் பெரிய கவலை. ‘யக்கா, அவங்கப்பா எங்க கீறாருன்னே தெரியாது. கையெழுத்துக்கு நான் எங்க போவேன்?’ என்று கண் கலங்கினார். விசாரித்ததில் அந்தக் கவலையே தேவையில்லை என்று தெரிந்தது. 2016 டிசம்பரில் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். 18 வயது நிரம்பி விட்டால் பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை. அதற்குக் கீழே என்றால்தான் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். என் மகளுக்கு ஏப்ரலில் 18 முடியும் வரை காத்திருந்து விண்ணப்பித்தோம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள். பிற்காலத்தில் வேலைக்கு வெளிநாடு போகும்போது குடியேற்ற அனுமதிச் சிக்கல் இருக்காது. கணவனைப் பிரிந்து வாழும் எத்தனையோ தாய்மார், ‘அப்பா கையெழுத்து வேணுமே’ என்று பயந்தே விட்டு விடுகிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த நாடு என்பது. 2023 டிசம்பர் 1 முதல், இந்தியர்கள் 30 நாள் வரை ‘விசா’ இல்லாமல் வரலாம் என்று மலேசியா அறிவித்து, அதை 2026 கடைசி வரை நீட்டித்தது. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உள்ள நாடு என்பதும் எங்களுக்குத் தெம்பு. ஆனால் இந்த மாதிரி சலுகைகள் மாறக்கூடியவை; டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டுத் தூதரக அறிவிப்பைப் பார்த்து விட வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தோம். ‘அங்கே வந்தால் வேலை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது ஆசை காட்டினால் கிட்டேயே போகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னோம். 2022ல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பையன்கள், மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கி மீண்டு வந்ததை மறக்க முடியுமா?

மூன்றாவது, பெட்டி. இங்கேதான் ஒரு மனஸ்தாபம். தெரிந்த ஒருவர், ‘எங்க சொந்தக்காரங்க அங்க இருக்காங்க, இந்த டப்பாவ மட்டும் குடுத்துடச் சொல்லும்மா, மசாலாப் பொடிதான்’ என்று கொண்டு வந்தார். நான் முடியாது என்று சொல்லி விட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. போதைப் பொருள் விஷயத்தில் மலேசியா, சிங்கப்பூர் சட்டங்கள் கொடுமையானவை. மரண தண்டனை வரை உண்டு. நம் பெட்டியில் இருந்தால், ‘யாரோ கொடுத்தது’ என்றால் கேட்க மாட்டார்கள். இன்னொரு விஷயம், நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அது சிங்கப்பூரிலும் துபாயிலும் தடை செய்யப்பட்ட பொருள். மகளுக்குப் பொடி கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் கவனிக்க வேண்டும்.

நான்காவது, தொடர்பு. காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை பேச வேண்டும். சும்மா சும்மா கூப்பிட்டு நாங்களும் நச்சரிக்க மாட்டோம் என்று ஒப்பந்தம். அந்த ஊர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முன்னால். தங்கும் விடுதியின் எண், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரக எண், அந்த ஊர் அவசர அழைப்பு எண் 999 எல்லாவற்றையும் நான்கு சீட்டில் எழுதினோம். இரண்டு பிள்ளைகளிடம், இரண்டு அம்மாக்களிடம் ஆளுக்கொன்று.

அந்தச் சீட்டு ஒருநாள் உதவியது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போன அன்று, இரவு ஒன்பது ஆகியும் பேச்சில்லை. ‘போன்’ எடுக்கவும் இல்லை. அடுப்பில் பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டு விட்டுத் தோழியின் அம்மா ஓடி வந்து விட்டார். நான் சீட்டைப் பார்த்து விடுதிக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண், தமிழிலேயே, ‘பஸ் தாமதம்னு சாயந்தரமே சொன்னாங்கம்மா, வந்ததும் பேசச் சொல்றேன்’ என்றார். அரை மணியில் பிள்ளைகள் பேசி விட்டார்கள். வழியில் நெரிசல், இரண்டு போனிலும் ‘சார்ஜ்’ தீர்ந்து விட்டதாம்.

ஐந்தாவது, பணம். தோழியருக்குள் நிஜமான சோதனையே இதுதான். என் மகள் இரண்டு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு ‘டியூஷன்’ எடுத்துச் சேர்த்தாள். அவள் கல்யாண வீடுகளில் மருதாணி போட்டுச் சேர்த்தாள். மீதிக்கு அவள் அம்மா சீட்டுப் பணம் எடுத்தார். ஆளுக்கு நாற்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. நாங்கள் கொஞ்சம் கூடக் கொடுத்திருக்க முடியும். ஆனால், ‘எம்பொண்ணு யார் காசுலயும் சுத்தக் கூடாதுக்கா’ என்று அந்த அம்மா சொன்னதில் இருந்த மானம் எனக்குப் புரிந்தது. அதனால் இருவரும் சமமாகப் போட்டு ஒரே பர்ஸ். சாப்பாடு, பஸ் எல்லாம் அதிலிருந்துதான். அதற்கு மேல் ஒருத்தியும் தனியாகச் செலவழிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

பினாங்கில் மலை ரயில் ஏற என் மகளுக்கு ஆசை. ஏறினால் பர்ஸில் துண்டு விழும். ‘நீ மட்டும் போயிட்டு வா, நான் கீழ உக்காந்திருக்கேன்’ என்றாளாம் தோழி. அதில் வார்த்தை தடித்து, அரை நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இரண்டு பேருமே ஏறவில்லை. காசே இல்லாமல் ஜார்ஜ் டவுன் தெருக்களைச் சுற்றியிருக்கிறார்கள். சூலியா தெரு, 1833ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில், தமிழ் முஸ்லிம்கள் தொழும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று, ராஜுலாவில் போன நம்மவர்கள் நடந்த தெருக்களிலேயே நடந்திருக்கிறார்கள். ‘அவ இல்லாம மேல போயி, நான் யார்கிட்டம்மா பாரு பாருன்னு சொல்றது?’ என்று வந்த பிறகு என் மகள் கேட்டாள். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்?

பத்துமலையில் 272 படி ஏறி, 140 அடி முருகன் சிலை முன்னால் நின்று எடுத்த படத்தை என் மாமியார் தெரு முழுக்கக் காட்டி விட்டார். அக்கம்பக்கம் என்ன பேசும் என்று கேட்டவர் அவர்தான்!

போகும்போது வழியனுப்பியதும் சுலபம்தான். 2021 பிப்ரவரியில் எங்கள் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ வந்த பிறகு, மாறாமல் ஒரே ரயிலில் விமான நிலையம் போய் விடலாம்.

திரும்பி வந்தவர்கள் இப்போது வேறு வேறு திசை. என் மகள் பி.காம்., சேர்ந்து விட்டாள். தோழி நர்ஸிங் படிக்கிறாள். இனி ஒரே பெஞ்ச் கிடையாது. நாளைக்குக் கல்யாணம், பிள்ளை குட்டி என்றானால் பார்த்துக் கொள்வதே அபூர்வம். நமக்கும் இப்படி உயிர்த் தோழிகள் இருந்தார்களே, அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஐந்து நாளை யாரும் அந்தப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க முடியாது.

தோழியின் அம்மா அன்று சொன்னது: ‘எங்க வூட்டுல மொத பாஸ்போர்ட்டு எம்பொண்ணோடதுதான்க்கா.’ அந்தப் பெருமைக்கு என்ன விலை கொடுக்க முடியும்?

எல்லாரும் வெளிநாடுதான் அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. வசதிக்கேற்ப மதுரையோ, மைசூரோ, கொழும்போ இருக்கட்டும். மகளுக்கு 18 முடிந்ததும் நகைச் சீட்டு கட்டும்போதே, ஒரு பாஸ்போர்ட்டும் எடுத்து வையுங்கள். தோழியின் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பயம் எனக்கும் இருந்தது. அதைத் திட்டமாக மாற்றிக் கொண்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் தோழியரே? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி,
காலடிப்பேட்டை, சென்னை - 19.