சுவரறிந்து துளையிடுக

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களில் வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருப்பது அரிதன்று. முன்னறையில் விசைத்தறி, அதற்கு அடுத்து அடுக்களை, அதனையொட்டிப் பிள்ளைகள் படுக்கும் இடம். தறி ஓடும் பொழுதெல்லாம் சுவர் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். அத்தகைய சுவரில் உளியால் குழி பறித்து, மரக்கட்டை செருகி, அதில் ஆணியறைந்து மாட்டிய தட்டு நாளடைவில் தளர்ந்து ஆடத் தொடங்குவதில் வியப்பில்லை. அத்தட்டின்கீழ் தொட்டிலோ அடுப்போ இருக்குமாயின், இஃது அழகைப் பற்றிய செய்தியாக மட்டும் நின்றுவிடாது.

ஆதலின், டிரில்லிங் மெஷின் என்று நாம் வழங்கும் மின்துரப்பணம் ஒன்றை வீட்டிற்கென வாங்க எண்ணும் குடும்பங்கள் இன்று பல. எண்ணம் நல்லதே. ஆனால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவதை வாங்கி வருவதற்குமுன் சில செய்திகளை அறிந்துகொள்வது பணத்திற்கும் உயிருக்கும் காப்பாகும்.

துரப்பணம் நமக்குப் புதியதன்று. கயிறு சுற்றிய வில்லை முன்னும் பின்னும் இழுத்து மரத்தில் துளையிடும் தச்சர்களை முதியோர் பலர் கண்டிருப்பர். அதனை மின்சாரத்தால் சுழலச் செய்தவர்கள் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளான்ச் பிரெய்ன் என்னும் இருவர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1889-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் சகோதரர்கள் 1895-இல் கையில் ஏந்தத்தக்க வடிவில் அதனை அமைத்தனர். துப்பாக்கியைப் போன்ற கைப்பிடியும் விசையும் கொண்ட இன்றைய வடிவிற்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. வரலாறு இவ்வளவு போதும்.

துரப்பணம் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'எத்தனை வாட்?' என்பதாகும். கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுவன்று. 'என் வீட்டுச் சுவர் எத்தகையது?' என்பதே. பழைய வீடுகளில் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பு அல்லது மண் சாந்தும் உண்டு. இவை மென்மையானவை. இங்கே சுத்தியல் போல் இடிக்கும் பொறியை வைத்தால், 6 மில்லிமீட்டர் துளை வேண்டிய இடத்தில் விரல் நுழையும் பள்ளம் உண்டாகும். அடித்தல் இன்றிச் சுழற்சி மட்டுமே போதும். சூளைச் செங்கல்லால் கட்டிச் சிமெண்டு பூசிய புதிய வீடுகளில் சற்று வலிமை வேண்டும். உள்ளே குடைவான சிமெண்டுக் கல்லால் எழுப்பிய சுவராயின் அடித்தல் ஆகாது. கல்லின் மெல்லிய ஓடு உட்புறமாக உடைந்துவிடும்.

இம்மூன்றையும்விட நம்மை ஏமாற்றுவது கான்கிரீட்டே. 'எங்கள் வீடு செங்கல் வீடுதானே!' என்பர் சிலர். சன்னலுக்குத் திரைச்சீலை மாட்டும் கம்பியை எங்கே பொருத்துகிறோம்? சன்னலின் தலைக்குமேல் அன்றோ? அங்கே இருப்பது லிண்டல் என்னும் கான்கிரீட் விட்டம். மின்விசிறிக் கொக்கி மாட்டுமிடம் கான்கிரீட் தளம். வீட்டில் துளையிடும் வேலைகளில் பாதி, செங்கல் வீட்டிலும் கான்கிரீட்டின்மீதே நடைபெறுகிறது. சிறிய பொறியை வாங்கிவந்து, சன்னலுக்குமேல் கால் மணி நேரம் அழுத்தியும் அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்று பொறியின்மீது பழிகூறுவோர் இதனை உணர்வதில்லை.

சுவர் எத்தகையது என்பதைத் துளையிலிருந்து உதிரும் தூளே உரைத்துவிடும். செந்தூள் வருமாயின் செங்கல். சாம்பல் நிறத் தூள் எளிதாக உதிருமாயின் பூச்சு அல்லது கற்களுக்கிடையேயுள்ள சாந்து. சாம்பல் நிறத்தூளே ஆயினும், இறங்க மறுத்துப் பொறி முனகுமாயின் கான்கிரீட். முனை திடுமென நின்று, மின்னும் உலோகத் துகள் தென்படுமாயின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டோம் என்பது பொருள். கம்பியை அறுத்துக்கொண்டு முன்னேறலாகாது. கட்டடத்தின் பாரத்தை ஏற்று நிற்பது அதுவே. ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை இடுக.

இனிப் பொறிகளைக் காண்போம். கடையில் மூவகை உண்டு. முதலாவது, சுழலுவது மட்டுமே செய்யும் சாதாரணத் துரப்பணம்; மரத்திற்கும் இரும்பிற்கும் உகந்தது. இரண்டாவது, இம்பேக்ட் டிரில். பல் வெட்டிய இரு வட்டுகள் இதனுள் ஒன்றன்மேல் ஒன்று தாவி, சுழற்சியோடு மிக விரைவான சிறு அதிர்வுகளையும் தரும். பொத்தானைத் திருப்பி அவ்வதிர்வை நிறுத்திக்கொள்ளலாம். செங்கற் சுவருக்கு ஏற்றது. கான்கிரீட்டில் ஓரிரு துளைகள் என்றால் பொறுமையோடு இட்டுவிடலாம். மூன்றாவது, ரோட்டரி ஹாமர். இதன் உள்ளே ஓர் உருளையும் உந்துதண்டும் உண்டு; உந்துதண்டு காற்றை அழுத்த, அக்காற்று ஒரு சம்மட்டியை எறிய, அது அலகின் தலையில் மோதும். மனிதன் உடல் வலிமையால் அழுத்தவேண்டிய தேவையே இல்லை. 1975-இல் பாஷ் நிறுவனம் அறிமுகம் செய்த எஸ்.டி.எஸ். என்னும் வரிப்பள்ளம் கொண்ட காம்புடைய அலகுகளே இதில் பொருந்தும். சாதாரண அலகு பொருந்தாது.

நெசவாளர் குடும்பம் ஒன்று எதனை வாங்குதல் நலம்? 13 மில்லிமீட்டர் சக் பொருத்திய, 550 முதல் 700 வாட் வரையிலான இம்பேக்ட் டிரில் ஒன்றே போதும் என்பது எம் கருத்து. சக் என்பது அலகைக் கவ்வும் வாய். 10 மில்லிமீட்டர் வாயுள்ள பொறி விலை குறைந்தது. ஆயினும் அதில் 10-க்கு மேற்பட்ட காம்புள்ள அலகு நுழையாது. கான்கிரீட்டின் முன் அது தளர்ந்தும் போகும். வாட்டைக் காட்டிலும் நோக்கவேண்டியவை வேறு: விசையை அழுத்தும் அளவிற்கேற்ப வேகம் மாறுகிறதா, பின்னோக்கிச் சுழலும் வசதி உண்டா, பக்கவாட்டில் இரண்டாவது கைப்பிடியும் ஆழம் காட்டும் கோலும் உடன் வருகின்றனவா என்பனவே அவை. அலகு சிக்கிக்கொள்ளும்போது பொறியே கையைத் திருகிவிடும். பக்கக் கைப்பிடியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வேலை செய்வோருக்கு மணிக்கட்டுச் சுளுக்கு அருகிலேயே காத்திருக்கிறது.

நூறு அலகுகள் அடங்கிய பெட்டியொன்றைப் பொறியோடு சேர்த்துக் குறைந்த விலையில் தருவதாகச் சொல்லும் விற்பனைக்கு இணங்கற்க. அவற்றுள் பெரும்பான்மை முதல் வேலையிலேயே மழுங்கும். நல்ல அலகு பத்து இருந்தால் வீட்டிற்குப் போதும். பொன்னிறப் பூச்சைக் கண்டும் மயங்கவேண்டாம். டைட்டானியம் நைட்ரைடு என்னும் உண்மையான கடும்பூச்சும் பொன்னிறமே. வெறும் சாயமும் பொன்னிறமே.

சுவருக்கான அலகின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினப் பொருளின் சிறு துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனை 'விடியா' என்பர். அது தமிழன்று, ஜெர்மானிய மொழியில் 'வைரம் போன்றது' எனப் பொருள்படும் இரு சொற்களின் சுருக்கம். குருப் நிறுவனம் 1926-இல் அப்பெயரைச் சூட்டியது. விடியா அலகைக் கொண்டு இரும்பில் துளையிட முயலுதல் வீண். இரும்பலகைக் கொண்டு சுவரைத் துளைப்பது அதனினும் வீண். இரும்புக்கு எச்.எஸ்.எஸ். என்னும் விரைவு எஃகு அலகு வேண்டும். சென்னையிலேயே செய்யப்படும் அடிசன் அலகுகளைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோர் நன்கறிவர். மரத்திற்கு நடுவே கூர்முள் உள்ள அலகு நல்லது; அது வழுவாது நிற்கும். தரை ஓட்டிற்கும் குளியலறை ஓட்டிற்கும் ஈட்டி முனை அலகோ வைரத்துகள் பதித்த அலகோ தேவை. ஓட்டின்மீது ஒட்டுத்தாள் ஒட்டி, அடித்தலை நிறுத்தி, மெதுவாக ஓட்டைக் கடந்தபின் சுவர் அலகை மாற்றிக்கொள்க.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். அலகு பருத்தால் வேகம் குறையவேண்டும். மெல்லிரும்பில் 6 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,300 சுற்றும், 10 மில்லிமீட்டர் துளைக்கு 800 சுற்றும் தகும். முழு வேகத்தில் வைத்து அழுத்தினால் நுனி நீலம் பாய்ந்து பதன் இழந்துவிடும். இரண்டு சொட்டு எண்ணெய் இடுவது அலகின் ஆயுளைக் கூட்டும்.

துளையினின்று தூள் வெளியேறுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நிலவிலேயே சான்று உண்டு. 1971-இல் அப்பல்லோ-15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், மின்கலத்தால் இயங்கும் துரப்பணத்தால் நிலவின் தரையில் துளையிட்டார். துளைத்தண்டின் இணைப்புகளில் தூளை மேலேற்றும் புரிப்பள்ளம் இல்லாமற் போனதால் தூள் அடைத்துக்கொண்டது. எண்ணிய ஆழத்தை எட்டவே இயலவில்லை. அடுத்த பயணத்திற்குத் தண்டைத் திருத்தியமைத்தனர். நம் வீட்டுச் சுவரிலும் அவ்வாறே. சிறிது இறங்கியதும் அலகைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை உதிர்த்து மீண்டும் செலுத்துக.

துளையில் இடும் செருகியை நம் ஊர் மின்பணியாளர் 'ராவல் பிளக்' என்பர். இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911-இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. முதலில் சணல் நாரால் ஆனது. இன்று நாம் வாங்கும் நைலான் செருகி 1958-இல் ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் கண்டது. செருகியும் துளையும் ஒரே அளவினவாதல் வேண்டும். திரு இருதயப் படம் மாட்ட 6 மில்லிமீட்டர் போதும். பாத்திரத் தட்டிற்கு 8. எட்டு மில்லிமீட்டர் செருகி ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நீளம் உடையது. துளை 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும். சுவர்ப்பூச்சே 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்குமாதலால், செருகி பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் அமர்ந்தால்தான் தறியின் அதிர்வைத் தாங்கும்.

இனி நாம் அஞ்சவேண்டியவை. முதலாவது, சுவருக்குள் ஓடும் மின்கம்பி. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடலாகாது. கம்பி பெரும்பாலும் அவ்வழியே செல்கிறது. குழாய்க்கு நேர் மேலும் கீழும் அவ்வாறே. பொறியின்மீது சதுரத்துள் சதுரம் பொறித்த குறி உண்டா எனப் பார்க்க. அஃது இரட்டைக் காப்பு உடையது என்பதற்கு அடையாளம். ஆயினும் அது சுவருக்குள் இருக்கும் கம்பியினின்று நம்மை முற்றும் காவாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டின் மின்பலகையில் இல்லையேல், துரப்பணம் வாங்குமுன் அதனை வாங்குக.

இரண்டாவது, பஞ்சு. இதனை வேறூர்க்காரர் அறியார். மின்துரப்பணத்தின் மோட்டாரில் கரித்துண்டுகள் உரசிச் சிறு பொறிகள் எழுவதைக் காற்றுத்துளை வழியே காணலாம். நூலிழையும் பஞ்சுத்துகளும் மிதக்கும் தறிக்கூடத்தில் அப்பொறியே தீயாகக்கூடும். பஞ்சு உள்ளே இழுக்கப்பட்டு மோட்டாரைச் சூடேற்றவும் கூடும். தறியை நிறுத்தி, தரையைப் பெருக்கி, பாவின்மேல் துணி போர்த்தியபின் வேலை தொடங்குக. பிரஷ்லெஸ் என்னும் கரித்துண்டு இல்லாத மின்கலத் துரப்பணத்தில் இவ்வகைப் பொறி எழாது. விலை அதிகம், எனினும் தறிக்கூடத்திற்குள் அடிக்கடி வேலை இருக்குமாயின் 18 வோல்ட் அளவில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது, கூரை. தறிக்கூடங்கள் பலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதில் மின்துரப்பணத்தை வைக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் கலந்து, மூச்சோடு நுரையீரலில் தங்கி, பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நோயாகவும் புற்றாகவும் வெளிப்படும். கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்பது பொய். விளக்கோ விசிறியோ மாட்டவேண்டுமெனில் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலோ மரத்திலோ கட்டித் தொங்கவிடுக. செங்கல், கான்கிரீட் தூளும் நுரையீரலுக்குப் பகையே. அதற்கேனும் நல்ல முகமூடி காக்கும்.

முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி, கையுறை ஆகியவை சுழலும் அலகின் அருகே வரலாகாது. கையுறை காக்கும் என்பர். சுழலும் அலகில் அது சிக்கினால் விரலையும் உடன் இழுத்துச் செல்லும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சக்கைத் திறக்கும் சாவியை எடுத்த பின்னரே விசையை அழுத்துக.

ஆண்டில் நான்கைந்து துளை மட்டுமே தேவைப்படும் வீட்டிற்குத் தனிப் பொறி எதற்கு? ஒரு தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து இம்பேக்ட் டிரில் ஒன்றை வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். அலகுகளை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளலாம். மழுங்கிய அலகைத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்னும் வழக்கு அப்போது எழாது. கான்கிரீட் வேலை மிகுதியாக இருக்கும் நாளில் ரோட்டரி ஹாமர் வைத்திருக்கும் மின்பணியாளரை அழைத்து, எல்லாத் துளைகளையும் சுவரில் பென்சிலால் முன்னரே குறித்துவைத்தால், அரை நாள் கூலியில் வேலை முடிந்துவிடும்.